செங்கோட்டைப் பக்கத்து வாசகசாலை ஒன்றின் மின்னாக்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆரியங்காவுக் கணவாயிலிருந்து காற்று இறங்கி வரும் வழியில், செங்கோட்டையை ஒட்டிய ஒரு சிற்றூரில் இந்த வாசகசாலை இருக்கிறது. ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது. 34 வருஷம் அஞ்சலகத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். 2019 முதல் வாசகசாலையின் செயலாளர். பழைய புத்தகங்களையும் பதிவேடுகளையும் படமெடுத்துக் கணினியில் சேர்க்கும் வேலையைச் சிறு வாசகசாலைகளில் தொடங்க நினைப்பவர்கள் சிலர் விவரம் கேட்டார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செங்கோட்டை வட்டாரம் முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிப்பில்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் வாசகசாலை அதற்குப் பத்து வருஷம் முன்னால் தொடங்கியது. 1945-ல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கர் முயற்சியில் 47 நூலகங்கள் கூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் அமைத்தன. அந்த அலை கணவாயைத் தாண்டி இந்தப் பக்கமும் அடித்தது. எங்கள் முதல் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பது கொல்லம் ஆண்டு 1122, அதாவது 1946-47. பாதித் தீர்மானங்கள் தமிழில், சில மலையாளத்தில், சில இடங்களில் ஒரே வாக்கியத்திலேயே இரண்டும்.

1956-க்குப் பிறகு மேற்கே இருந்த சங்கத்தோடு தொடர்பு அறுந்தது. கிழக்கே, 1948-ன் பொது நூலகச் சட்டப்படி வந்த அரசுக் கிளை நூலகம் வேறாக வளர்ந்தது. நடுவில் நாங்கள் தனியார் வாசகசாலையாகவே நின்றுவிட்டோம். ஓட்டுக் கட்டடம், ஐந்து மர அலமாரி, ஆறு பெஞ்சு. சந்தாவும் நன்கொடையும்தான் வருமானம்.

2022 அக்டோபரில் ஒரு இரவு பெய்த மழையில் ஓடு நகர்ந்து மூன்றாவது அலமாரி முழுக்க நனைந்தது. காலையில் திறந்தபோது மேல் தட்டிலிருந்த புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக வந்தன. அவற்றில் ஒரு கட்டு, 1940-களின் கடைசியில் ஊர் இளைஞர்கள் கையால் எழுதி, கையால் படம் வரைந்து, மாதம் ஒரு பிரதியாக வாசகசாலையில் வைத்த கையெழுத்து இதழ். உலகத்தில் ஒரே ஒரு பிரதி. அதை மின்விசிறியின் கீழே தாள் தாளாகக் காயவைத்த அன்றுதான் இந்தத் திட்டம் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

முதல் முயற்சி: வெளியே கொடுத்தது

நவம்பர் கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒருமனதாக ‘எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுவோம்’ என்றார்கள். இதைத் தொழிலாகச் செய்யும் ஒரு நிறுவனத்தை விசாரித்து, மாதிரிக்கு மூன்று புத்தகங்களை அனுப்பினோம். பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை. மூன்று வாரத்தில் புத்தகங்கள் திரும்பி வந்தன.

முதுகு வெட்டப்பட்டிருந்தது. தாள்களைத் தானாக இழுக்கும் ஸ்கேனரில் போடுவதற்காகத் தைப்பைப் பிரித்துவிட்டார்கள். அட்டையையும், பின்பக்க விளம்பரங்களையும், உள்ளே யாரோ எழுதிய கையெழுத்துக் குறிப்புகள் இருந்த வெற்றுத் தாள்களையும் படமெடுக்கவே இல்லை. கொடுத்தது பிடிஎஃப் மட்டும். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து உடைந்தது. மூலப் படங்களைக் கேட்டோம், அவற்றை அழித்துவிட்டதாகப் பதில் வந்தது.

அவர்களைக் குறை சொல்வதற்கு முன் எங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ‘மூன்று புத்தகங்களையும் ஸ்கேன் செய்து தரவும்’ என்று ஒரே வரிதான். தைப்பைப் பிரிக்கக் கூடாது, அட்டை முதல் அட்டை வரை எடுக்க வேண்டும், சுருக்காத மூலப் படம் வேண்டும் என்று ஒரு வார்த்தையும் இல்லை. எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டிருந்தோம். நல்லவேளை, மூன்றும் வேறிடத்திலும் கிடைக்கும் அச்சுப் புத்தகங்கள்.

எதை எடுப்பது என்ற கேள்வி

அதற்கப்புறம் இதை ஊரிலேயே செய்வது என்று முடிவாயிற்று. ஊரில் திருமண ஸ்டுடியோ நடத்தும் தம்பி தன் 24 மெகாபிக்சல் கேமராவை, முகூர்த்தம் இல்லாத நாட்களில், கொடுக்கச் சம்மதித்தார். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த இரண்டு பையன்களுக்குச் சிறு ஊதியம் பேசினோம்.

புத்தகத்தை 180 பாகைக்கு விரித்து அழுத்தினால் பழைய முதுகு முறிந்துவிடும். அதனால் பலகையை ஏறக்குறைய 100 பாகைக்கு வி வடிவத்தில் சேர்த்து ஒரு தொட்டில் செய்யச் சொன்னோம். எங்கள் ஊர்த் தச்சர் ப்ளைவுட்டில் ஒரே நாளில் செய்து, உள்ளே கறுப்புத் துணி ஒட்டிக் கொடுத்தார். புத்தகம் அதில் பாதி திறந்த நிலையில் படுத்திருக்கும். ஒரு பக்கத்தைக் கண்ணாடித் தகட்டால் மெல்ல அழுத்தி, இரண்டு பக்கமிருந்தும் எல்இடி விளக்கைச் சாய்வாகப் போட்டுப் படமெடுப்போம்.

தெளிவைப் பற்றிய கணக்கு இது. பொதுவாக அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையக் கூடாது என்பார்கள். 24 மெகாபிக்சல் படத்தில் நீளவாக்கில் 6,000 புள்ளி இருக்கும். எங்களிடம் உள்ள பெரிய பதிவேட்டின் ஒரு பக்கம் பதின்மூன்றரை அங்குலம். ஓரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டாலும் அங்குலத்துக்கு 400 புள்ளி கிடைத்துவிடும். விலை உயர்ந்த ஸ்கேனர் இல்லாமலே வேலை நடக்கும் என்று இந்தக் கணக்குதான் தைரியம் தந்தது.

2023 பிப்ரவரியில் ஆர்வத்தோடு முதல் அலமாரியின் முதல் தட்டிலிருந்து எடுக்க ஆரம்பித்தோம். இது பெரிய தவறு. மூன்றாவது வாரம் ஸ்டுடியோத் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணாச்சி, நேத்து முழுக்க எடுத்த புத்தகத்தை என் போன்லயே படிக்க முடியுது, பாருங்க” என்று காட்டினார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதே புத்தகம், அதே பதிப்பு, எங்களுடையதைவிட நல்ல நிலையில் இருந்த பிரதியிலிருந்து எடுக்கப்பட்டு, ஏற்கெனவே இருந்தது. மூன்று வாரத்தில் நாங்கள் எடுத்த புத்தகங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

வேலையை நிறுத்தினோம். புத்தக வரவுப் பதிவேட்டில் இருந்தவை 3,140 புத்தகங்கள். அலமாரியில் எண்ணியது 2,467. மீதி 673 கரையானுக்கோ கடன் வாங்கியவர்களுக்கோ போய்விட்டது. இருப்பதை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, மின்னூலகங்களில் தேடி, இல்லாததை மட்டும் குறித்தோம். மார்ச் முழுக்க இதற்கே போயிற்று. பையன்களுக்குச் சலிப்பு. ஆனால் அந்த ஒரு மாதம்தான் திட்டத்தின் முகத்தையே மாற்றியது.

அச்சுப் புத்தகங்களில் வேறெங்கும் நாங்கள் காணாதவை 64 தான். மற்றபடி எங்களிடம் மட்டுமே இருப்பது என்று தேறியவை அச்சில் வராதவை: ஆறு நடவடிக்கைப் புத்தகங்கள், ஒன்பது கணக்கு மற்றும் இரவல் பதிவேடுகள், கையெழுத்து இதழ்கள் 14, ஒரு தகரப் பெட்டியில் கிடந்த 118 நோட்டீசுகளும் துண்டுப் பிரசுரங்களும். இத்தனை வருஷம் கடைசித் தட்டில், ‘பழைய கணக்கு’ என்று எழுதிக் கட்டிப் போட்டிருந்தவை இவைதான். வரிசையைத் தலைகீழாக்கினோம். ஊருக்கு மட்டும் உள்ளது முதலில், அச்சுப் புத்தகம் பிறகு.

ஆண்டும் எழுத்தும்

ஏப்ரலில் மறுபடி தொடங்கியபோது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விவரத்தாள் போட்டோம். தலைப்பு, ஆண்டு, மொழி, பக்க எண்ணிக்கை, சேதம். கோப்பின் பெயர் வரவுப் பதிவேட்டு எண்ணும், நான்கு இலக்கப் பட எண்ணும் மட்டும். தலைப்பைக் கோப்பின் பெயராக வைத்தால் ஒரே புத்தகத்துக்கு மூன்று பேர் மூன்று விதமாக எழுதுகிறார்கள் என்று பிப்ரவரியிலேயே பார்த்திருந்தோம்.

ஆண்டு என்ற கட்டத்தில்தான் சிக்கல் வந்தது. நடவடிக்கைப் புத்தகத்தில் 1122, 1123 என்று இருந்ததைப் பையன்கள் அப்படியே ஆண்டாகத் தட்டியிருந்தார்கள். எங்கள் ஊரின் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒரு மாலை வந்து பார்த்தவர், “இது இங்கிலீஷ் வருசம் இல்லடே, கொல்லம். ஆவணியில பொறக்கும்” என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824, ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிக்கு 825 கூட்ட வேண்டும். 1122 என்றால் 1946 ஆகஸ்டிலிருந்து 1947 ஆகஸ்ட் வரை. மாதம் தெரியாத இடங்களில் இரண்டு ஆண்டையும் எழுதினோம். மூலத்தில் உள்ள கொல்லம் ஆண்டைத் தனிக் கட்டத்தில் மாற்றாமல் வைத்தோம். கணக்கிட்டதில் தவறு வந்தாலும் பின்னால் வருபவர் திருத்திக்கொள்ளலாம்.

மலையாளப் பகுதிகளுக்கு ஒரு அம்மா உதவினார். புனலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர், அங்கே பத்தாவது வரை மலையாளத்தில் படித்தவர். நாற்பது வருஷமாக வாசகசாலைத் தெருவிலேயே குடியிருந்தும் உள்ளே வந்ததில்லை, யாரும் கூப்பிட்டதும் இல்லை. அவர் வந்த பிறகுதான் எங்கள் பட்டியலில் ஏறியிருந்த பிழைகள் தெரிந்தன. ‘வரிசங்க்ய’ என்ற சொல்லைப் பையன்கள் ‘வரி’ என்று படித்து, ‘சர்க்கார் வரி பற்றிய விவாதம்’ என்று குறித்திருந்தார்கள். அது உறுப்பினர் சந்தா. ‘பிரமேயம்’ என்று வந்த இடமெல்லாம் தீர்மானம். தமிழ் எழுத்தில் எழுதிய மலையாளச் சொற்கள்தான் அதிகம் ஏமாற்றின. எழுத்து தெரிந்ததால் பொருளும் தெரியும் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

அச்சுப் புத்தகங்களை, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் எழுத்துணரிக்குக் கொடுத்துப் பார்த்தோம். டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் இன்றைய அச்சை நன்றாகவே படிக்கிறது. எங்கள் புத்தகங்களோ 1978-ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை. பழைய வடிவத்து ணை, லை, ளை, னையும், ணா, றா, னாவும் வந்த சொல்லெல்லாம் சிதைந்தது. திருத்த ஆள்பலம் இல்லை. தேடுவதற்கு மட்டும் அந்த எழுத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, படிப்பவருக்குப் படத்தையே காட்டுவது என்று முடிவு செய்தோம். கையெழுத்துப் பக்கங்களுக்கு எழுத்துணரியை முயலவே இல்லை. ஆள் பெயர், ஊர்ப் பெயர், பொருள் என்று கையாலேயே ஒரு சொல்லடைவு தயாரித்தோம்.

சாரல்

ஜூன் முதல் வாரம் சாரல் தொடங்கியது. குற்றாலத்துக்கு வருபவர்களுக்கு அது இன்பம். காகிதத்துக்கு அது காலன். 65 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கும் என்பது ஆவணக் காப்பாளர்களின் பொதுக் கணக்கு. எங்கள் ஹாலில் தொங்கவிட்ட சிறு ஈரப்பதமானி 88 காட்டியது.

அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். மூன்றாவது நடவடிக்கைப் புத்தகம் பாதியில் இருந்தது. ‘இதை மட்டும் முடித்துவிடுவோம்’ என்று நான்தான் சொன்னேன். ஒரு வாரம் ஓடியது. கண்ணாடித் தகட்டில் அடிக்கடி ஆவி படிந்தது. தாள் துவண்டு ஒன்றோடொன்று ஒட்டியது. எட்டாவது நாள், அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்த நான்கு பதிவேடுகளின் ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை தெரிந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெயில் எட்டிப் பார்த்த ஒரு மதியம் வெளித்திண்ணையில் வைத்து மென்தூரிகையால் துடைத்து, பிளாஸ்டிக் பையில் போடாமல் காற்றுப் புகும் காகித உறையில் தனியாக வைத்தோம். அத்தோடு வேலையை நிறுத்தினோம். வடகிழக்குப் பருவமழையும் முடிந்து ஜனவரி வரும் வரை பெட்டியைத் திறக்கவில்லை.

அந்த இடைவெளியில் ஓட்டைச் சரிசெய்தோம். எடுத்த படங்களை மூன்று வன்தட்டுகளில் நகலெடுத்தோம். ஒன்று வாசகசாலையில், ஒன்று என் வீட்டில், ஒன்று திருநெல்வேலியில் உள்ள ஒரு உறுப்பினர் வீட்டில். படம் ஒன்று சுருக்காத டிஃப் வடிவில் 72 மெகாபைட் வரும். நகலெடுத்தபின் செக்சம் பார்க்க ஸ்டுடியோத் தம்பி கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு எண் கிடைக்கும், மூலத்தின் எண்ணும் நகலின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது தட்டில் 41 கோப்புகளின் எண் ஒத்துவரவில்லை. திறந்து பார்த்தால் பாதிப் படம் சாம்பல் நிறமாக இருந்தது. செக்சம் பார்க்காமல் விட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

73-க்குப் பின் 76

இந்த ஆய்வை எழுத வைத்தது இந்தப் பகுதிதான்.

எங்களிடம் இருந்தது ஒரே கேமரா. அதனால் முதலில் புத்தகம் முழுக்க வலப்பக்கங்களை எடுப்போம், பிறகு தொட்டிலைத் திருப்பி வைத்து இடப்பக்கங்களை எடுப்போம். ஒற்றைப்படை ஒரு கட்டு, இரட்டைப்படை ஒரு கட்டு. கணினியில் ஒரு நிரல் இரண்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துவிடும். நேரம் மிச்சம். ஆனால் ஒரு கட்டில் ஒரு பக்கம் விட்டுப்போனால், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் நழுவிவிடும்.

2024 பிப்ரவரியில், படங்களைப் பொதுவில் வைக்கும் முன் அந்தந்தக் குடும்பத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினோம். மூன்றாவது நடவடிக்கைப் புத்தகத்தைப் பார்க்க, அந்தக் காலப் பொருளாளரின் பேரன் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். திரையில் ஒரு பக்கத்தின் கடைசி வரி: 1123-ம் ஆண்டுக் கணக்கில் 2 ரூபாய் 14 சக்கரம் (சக்கரம் என்பது திருவிதாங்கூரின் சில்லறைக் காசு) குறைவதால் பொருளாளரிடம் விளக்கம் கேட்பது. அடுத்த பக்கத்தின் முதல் வரி: அவரை அப்பொறுப்பிலிருந்து விடுவித்து, வேறொருவரைப் பொருளாளராக நியமிப்பது.

அவர் சத்தம் போடவில்லை. “எங்க தாத்தாவ களவாணின்னு ஊர்க் கணக்குல போட்டு வச்சிருக்கா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார். கண் கலங்கியிருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பக்க எண்ணைக் கவனித்தது தமிழாசிரியர்தான். 73-க்குப் பிறகு 76 இருந்தது. அதற்கு அடுத்து 75. உறையிலிருந்து மூலப் புத்தகத்தை எடுத்து வந்தோம். 74-ம் பக்கமும் அதன் எதிரிலிருந்த 75-ம் பக்கமும் ஈரத்தில் ஒட்டியிருந்த தடம் தெரிந்தது. சாரல் வாரத்தில் இரட்டைப்படைப் பக்கங்களை எடுத்த அன்று, இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார்கள். ஒற்றைப்படையில் 112 படம், இரட்டைப்படையில் 111. எண்ணிக்கையை ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஒப்பிடச் சொல்ல வேண்டியவன் நான், சொல்லவில்லை.

74-ம் பக்கத்தில் பொருளாளரின் விளக்கம் இருந்தது. சென்னையிலிருந்து 140 ரூபாய்க்குப் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள். அது பிரிட்டிஷ் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம், திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆக, 140 பிரிட்டிஷ் ரூபாய்க்கு அவர் கொடுத்தது 142 சர்க்கார் ரூபாய் 14 சக்கரம். கணக்கு எழுதியவர் ரசீதில் இருந்த 140-ஐ அப்படியே எழுதிவிட்டார். குறைந்தது போலத் தெரிந்த 2 ரூபாய் 14 சக்கரம் அந்த அரைச் சக்கர வித்தியாசம்தான். கூட்டம் விளக்கத்தை ஏற்று, கணக்கைத் திருத்தியிருக்கிறது. 75-ம் பக்கத்தில், புனலூர் காகித ஆலையில் வேலை கிடைத்துப் போவதால் தன்னை விடுவிக்கும்படி அவரே எழுதிக் கேட்டிருக்கிறார். 76-ல், நன்றி கூறி விடுவித்திருக்கிறார்கள்.

அந்த அம்மா 75-ம் பக்கத்து மலையாள வரிகளைப் படிக்க, ஆசிரியர் தமிழ் வரிகளைப் படித்தார். பேரன் மூலப் புத்தகத்தைத் தன் கையால் புரட்டி, தாத்தாவின் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம் அவரே வந்து, அந்தப் புத்தகத்தைத் தாராளமாகப் பொதுவில் வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து, எடுத்த எல்லாப் படங்களையும் பக்கம் பக்கமாக மூலத்தோடு ஒப்பிட்டோம். ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பக்க எண்ணைச் சொல்வார், இன்னொருவர் திரையில் பார்ப்பார். ஏழு வாரம் ஆயிற்று. இன்னும் ஐந்து இடங்களில் நழுவல் இருந்தது, ஐந்தும் ஜூன் வாரத்தில் எடுத்தவை.

இதற்குச் சில வாரம் முன்புதான் நிர்வாகக் குழுவில் ஒருவர், ‘எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியாயிற்றே, இந்தப் பழசை எடைக்குப் போட்டு இடத்தைக் காலி செய்யலாமே’ என்று கேட்டிருந்தார். தவறான எண்ணத்தில் கேட்டவர் இல்லை. மின்னாக்கம் என்றால் அப்படித்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். 74-ம் பக்கத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

யாருக்கு எதைக் காட்டுவது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, நூலாசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். நாங்கள் 2024-ல் வெளியிட்டதால், 1963 முடிவதற்குள் காலமானவர்களின் நூல்கள் என்று கோடு போட்டுக்கொண்டோம். 64 அச்சுப் புத்தகங்களில் 41 அந்தக் கோட்டுக்குள் வந்தன. மீதி 23-ஐ வாசகசாலைக் கணினியில் மட்டும் வைத்தோம். வணிக நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் பிரதி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று 2012-ன் திருத்தம் சொல்கிறது. தென்காசியில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம்.

கையெழுத்து இதழில் எழுதியவர்கள் அச்சில் பெயர் பெற்றவர்கள் இல்லை. பலர் இறந்து முப்பது வருஷம்கூட ஆகவில்லை. வாரிசுகளைத் தேடி வீடு வீடாகப் போனோம். 14 இதழ்களில் ஒன்பதுக்குச் சம்மதம் கிடைத்தது. நான்குக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒன்றுக்கு மறுத்துவிட்டார்கள். மறுத்ததற்கான காரணத்தை நாங்கள் கேட்கவில்லை.

இரவல் பதிவேடுகள்தான் மிகக் கடினமான முடிவு. யார், எந்தத் தேதியில், எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார் என்று இருபது வருஷத்துப் பதிவு. ஒரு ஊர் எதைப் படித்தது என்று அறிய இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் அந்தக் கால வழக்கப்படி பெயரோடு சாதியும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. அந்த வீடுகள் இன்றும் அதே தெருக்களில் இருக்கின்றன. ஒருவர் என்ன படித்தார் என்பது அவருடைய சொந்த விஷயம். படமெடுத்துப் பத்திரப்படுத்தினோம், பொதுவில் வைக்கவில்லை. ஆய்வுக்குக் கேட்டு வருபவர் ஹாலில் உட்கார்ந்து பார்க்கலாம், பெயர்களை வெளியிடக் கூடாது என்று எழுதி வாங்குகிறோம்.

விளைவு

2024 ஏப்ரல் கடைசியில் படமெடுப்பதும் ஒப்பிடுவதும் முடிந்தன. மொத்தம் 14,086 படங்கள், ஒரு டெராபைட்டுக்குச் சற்று மேல். பொதுவில் வைக்கக்கூடியவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் ஏற்றினோம். செலவு 61,000 ரூபாய். அதில் பெரும்பகுதி இரண்டு பையன்களின் ஊதியம், மீதி வன்தட்டு, விளக்கு, கண்ணாடி, பலகை.

வாசகசாலைக்கு ஆட்கள் வருவது கூடியிருக்கிறது. பெரும்பாலும் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் கையெழுத்தைத் தேடி வருகிறார்கள். சொல்லடைவில் பெயர் பார்த்து, திரையில் பக்கத்தைப் பார்த்து, அப்புறம் மூலத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள்.

மறுபடி செய்தால்

முதல் மாதம் கேமராவைத் தொடமாட்டேன். பட்டியல் முடிந்து, வேறெங்கே என்ன இருக்கிறது என்று தேடி முடித்த பிறகே தொடங்குவேன். வேலைக்கான மாதங்கள் ஜனவரி முதல் மே வரை என்று முன்பே குறித்து, ஈரப்பதமானி 65-ஐத் தாண்டினால் பாதிப் புத்தகத்தில் இருந்தாலும் நிறுத்தச் சொல்லி எழுதிவைப்பேன். என் அவசரத்துக்கு அதில் இடம் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து முடித்த அன்றே, அதே மேசையில், பக்க எண்ணிக்கையை ஒப்பிடுவோம். கடைசியில் மொத்தமாக ஒப்பிட்டதால் ஏழு வாரம் போயிற்று. ஒரு குடும்பத்தின் மனமும் புண்பட்டது. இரண்டாவது கேமரா கிடைத்தால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கலாம், நழுவலுக்கே வழியில்லை.

அந்த அம்மாவையும் ஆசிரியரையும் முதல் கூட்டத்துக்கே அழைப்பேன். நாங்கள் முதலில் தேடியது கணினி தெரிந்தவர்களை. எல்லைப்புறத்து ஆவணத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். ஊதியமும் பையன்களுக்கு மட்டும் பேசினோம், அவர்கள் இருவருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. அது சரியில்லை. இந்த வருஷ நிதியில் அதற்குத் தனியாக ஒதுக்கியிருக்கிறோம்.

இப்போது புதன்தோறும் மாலையில் அந்த அம்மா வந்து, நடவடிக்கைப் புத்தகங்களின் மலையாளப் பகுதிகளைத் தமிழில் சொல்லச் சொல்ல, பையன்களில் ஒருவன் தட்டுகிறான். இரண்டாவது புத்தகத்தில் 58-ம் பக்கம் வரை வந்திருக்கிறார்கள். பூஞ்சை பிடித்த நான்கு பதிவேடுகள் இன்னும் தனி உறையில்தான் இருக்கின்றன. அடுத்த ஜனவரியில் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும்.